மூக்கு தாழாத துப்பாக்கி

ஜட்ஜ் கிரீக், மோன்டானா
6 ஜனவரி 1997

மதிப்பிற்குரிய திருமதி வெர்னா ஹாகன் அவர்களுக்கு,

கிழித்துப் போடும்முன் இதைக் கடைசிவரை ஒரு தடவை படித்துவிடுங்கள். நான் லொரீன். ஆர்லோவின் இப்போதைய மனைவி. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது.

கால்நடைக்காரர் பத்திரிகையில் உங்கள் படம் வந்திருந்தது. மைல்ஸ் சிட்டியில் வியாழக்கிழமைதோறும் பெண்களுக்குக் கைத்துப்பாக்கி சொல்லித் தருகிறீர்களாம். அதைப் பார்த்துவிட்டு ஆர்லோ, "இவளா? ஒரு குண்டு வெடிச்சா காதப் பொத்திக்கிட்டு உக்காந்துருவாளே!" என்று சிரித்தார். அதனால்தான் உங்களுக்கு எழுதத் தோன்றியது. காதைப் பொத்திய இடத்திலிருந்து சொல்லித் தரும் இடத்துக்கு வந்தவருக்குத்தானே வழி தெரிந்திருக்கும்.

விஷயம் இதுதான். என் முதல் கணவன் டாரில் மாநிலச் சிறையில் இருக்கிறான். என் இடது மணிக்கட்டை இரண்டு இடத்தில் உடைத்தான், தடுக்க வந்த என் தம்பியைக் கத்தியால் குத்தினான். ஒன்பது வருஷம் தண்டனை. நாலு வருஷம் பாக்கி இருக்கும்போதே நன்னடத்தை என்று மே மாதம் வெளியே விடுகிறார்கள். கோர்ட்டிலேயே என்னைப் பார்த்து, "எங்க போனாலும் தேடி வருவேன்டி" என்றவன் அவன். ஆர்லோ மாட்டு லாரி ஓட்டுவது உங்களுக்குத் தெரியும். வசந்தத்தில் மாதத்தில் பாதி நாள் நெப்ராஸ்காவில்தான் இருப்பார். பக்கத்து வீட்டுக்கு ஆறு மைல்.

கிறிஸ்துமஸுக்கு ஆர்லோ எனக்கு ஒரு சின்ன ரிவால்வர் பரிசளித்தார். வெள்ளிபோல் பளபளப்பு. என் உள்ளங்கைக்குள் அடங்கும். வால்நட் கைப்பிடியில் இடது பக்கம் பிறை வடிவில் ஒரு சில்லு போயிருக்கிறது, பழசாக எங்கோ வாங்கியிருப்பார் போல. சுட்டால் கையில் சுத்தியலால் அடித்த மாதிரி இருக்கிறது. இருபது அடியில் வைத்த காப்பி டப்பா இன்னும் கன்னி கழியாமல் நிற்கிறது. ஆர்லோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நல்ல மனுஷன்தான், கை ஓங்கியதே கிடையாது. ஆனால் சிரிப்பார்.

எனக்கு எந்தத் துப்பாக்கி சரிப்படும்? பதில் போடுவதானால் தபால் ஆபீஸ் பெட்டி 14க்குப் போடுங்கள். போன் செய்யலாம்தான், ஆனால் பில்லில் உங்கள் நம்பர் வரும். அவர் பில்லை வரி விடாமல் படிப்பவர்.

மன்னிப்புடன்,
லொரீன்


மைல்ஸ் சிட்டி
14 ஜனவரி

லொரீன்,

திருமதி கிருமதி எல்லாம் வேண்டாம். வெர்னா போதும். சக்களத்தியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று என் தங்கையிடம் காட்டினேன். "பதில் கிதில் போட்டுறாத" என்றாள். அவள் பேச்சைக் கேட்டு நான் எதைச் செய்திருக்கிறேன், இதைச் செய்ய?

முதலில் அந்தச் சில்லு. அது என் கைவேலை. 1975இல் கல்யாண நாளுக்கு அந்தத் துப்பாக்கியை ஆர்லோ எனக்குப் பரிசாகக் கொடுத்தான். 79இல் நான் அதைச் சமையலறை வாசற்படியில் வீசியடித்தேன், வால்நட் பெயர்ந்துவிட்டது. அதையும் அவனையும் விட்டுவிட்டு வந்தேன். அதைத் தேடி எடுத்து, துடைத்து, ரிப்பன் கட்டி உனக்குக் கொடுத்திருக்கிறான்! கஞ்சப் பிசினாறி! படித்ததும் நான் போட்ட சத்தத்தில் பூனை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

இனி கேள். அதைக் கையால் தொடாதே. சின்னத் துப்பாக்கி என்றால் சாது என்று ஆண்பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நேர்மாறு. எடை குறைந்தால் உதை முழுவதும் உன் கைக்குத்தான் வரும். பத்து குண்டு சுடுவதற்குள் உடம்பு உதையை எதிர்பார்க்கக் கற்றுக்கொள்ளும். பதினோராவது குண்டு வெடிக்கும்முன்பே கை தானாகக் கீழே அமுக்கும், கண் மூடும். குண்டு மண்ணுக்குப் போகும். அது கோழைத்தனம் இல்லை, பெண்ணே. உடம்பு பட்ட பாடு.

உனக்கு வேண்டியது இருபத்திரண்டு காலிபர். குண்டு பென்சில் முனை அளவு, உதை இல்லாத மாதிரியே இருக்கும். ஆனால் துப்பாக்கி பெரிதாக, கனமாக இருக்கவேண்டும். குழல் நாலு அங்குலமாவது வேண்டும். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துக் குண்டேற்றும் வகை வேண்டாம், உன் மணிக்கட்டு அதற்கு ஒத்துழைக்காது. ஆறு குண்டு ரிவால்வராகப் பார். கையில் பிடித்ததும் ஆள்காட்டி விரலின் முதல் சதை டிரிகரில் படவேண்டும். எட்டிப் பிடிக்கவேண்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

கடைக்காரன் உன்னைவிட்டு ஆர்லோவிடம் பேசுவான். தனியாகப் போ. கைப்பைக்குள் அடங்கும் என்று எதையாவது காட்டினால், "எனக்குக் கைப்பையே கிடையாதுங்க" என்று சொல்லு.

வெர்னா


ஜட்ஜ் கிரீக்
2 பிப்ரவரி

அன்புள்ள வெர்னா,

உங்கள் கடிதத்தைத் தபால் ஆபீஸ் வாசலில், வண்டியில் உட்கார்ந்தே படித்தேன். ரிப்பனைப் பற்றிப் படித்ததும் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன். ரிப்பன் சிவப்பு. அதுவும் உங்களுடையதா?

தனியாகத்தான் கடைக்குப் போனேன். கடைக்காரர் ரோஜாப்பூ நிறக் கைப்பிடி போட்ட ஒன்றை எடுத்து வைத்து, "அம்மணி, இது உங்க ஹேண்ட்பேக்ல அப்படியே உக்காரும்" என்றார். சத்தியமாக அதே வார்த்தை! நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அவர் மனைவி உள்ளேயிருந்து, "ஏங்க, அவங்க கேக்குறத எடுத்துக் குடுங்களேன்" என்று குரல் கொடுத்தார்.

ஏழு துப்பாக்கி பிடித்துப் பார்த்தேன். ஏழாவதுதான் சரியாக வந்தது. கறுப்பு எஃகு, நாலு அங்குலக் குழல், பழசு, எங்கள் வார்ப்பிரும்பு வாணலி மாதிரி கனம். கைக்கு எட்டியது. உங்கள் பழைய துப்பாக்கியைக் கொடுத்து இதை வாங்கிக்கொண்டேன். தப்பில்லையே? அது வந்த வழியில் போகட்டும் என்று நினைத்தேன்.

வீட்டில் ஆர்லோ, "இருபத்திரண்டா? அணிலுக்குக் கிச்சுகிச்சு மூட்டவா?" என்றார். எப்படிப் பழக வேண்டும் என்று எழுதுங்கள்.

லொரீன்


மைல்ஸ் சிட்டி
10 பிப்ரவரி

லொரீன் கண்ணு,

அந்தச் சனியன் போனதே, எனக்குப் பாதி நோய் தீர்ந்த மாதிரி இருக்கிறது.

துப்பாக்கிக்கு முன் மற்றது. கதவுக்கு நல்ல தாழ். படுக்கையறையில் இன்னொரு போன். குரைக்கிற நாய். உங்கள் ஊர் ஷெரீப்பிடம் நேரில் போய் டாரிலின் படத்தைக் கொடு, அவன் வந்தால் எத்தனை நிமிஷத்தில் வருவீர்கள் என்று கேள். ஆபத்து வந்தால் முதலில் போன், பிறகு பூட்டு, துப்பாக்கி எல்லாவற்றுக்கும் கடைசியில். யாரையும் தேடிப் போகிற வேலை உனக்கு இல்லை. கட்டிலுக்குப் பின்னால் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் உன் வேலை. குரலையும் பழக்கு. "ஷெரீப்புக்குச் சொல்லியாச்சு, திரும்பிப் போ!" என்று தினம் பத்து தடவை கத்து. மாடுகள் பயந்தால் பயப்படட்டும்.

இனி பயிற்சி. ஹார்டுவேர் கடையில் மஞ்சள் பிளாஸ்டிக் குப்பி விற்கும். சுவரில் திருகாணி மாட்டுவதற்குமுன் துளையில் செருகுவார்களே, அதுதான். அதில் சின்னது உன் துப்பாக்கியில் குண்டு மாதிரியே உட்காரும். வீட்டுக்குள் பழக அதுதான் போலிக் குண்டு. வெளியில் சுடும்போது வேறு யாரையாவது விட்டு மூன்று நிஜக் குண்டும் மூன்று குப்பியும் கலந்து போடச் சொல்லு. எது எங்கே என்று உனக்குத் தெரியக் கூடாது. வெடிக்கும் என்று நினைத்து அமுக்குவாய், 'டிக்' என்னும். அந்த 'டிக்'கில் துப்பாக்கி மூக்கைத் தாழ்த்தினால் உடம்பு இன்னும் பயப்படுகிறது என்று அர்த்தம். தாழாமல் நிற்கும்வரை சுடு.

இதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்: குப்பிகள் காப்பி டப்பாவில் சமையலறையில் இருக்கட்டும். நிஜக் குண்டு படுக்கையறையில். இரண்டும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. பயிற்சி முடிந்ததும் குப்பியை எண்ணி டப்பாவில் போட்டு, மூடி, அதற்குப் பிறகுதான் எழுந்திருக்கவேண்டும்.

வெர்னா


ஜட்ஜ் கிரீக்
9 மார்ச்

அன்புள்ள வெர்னா அக்கா,

அப்படிக் கூப்பிடலாமா? கேட்காமலே கூப்பிட்டுவிட்டேன்.

முதல் வாரம் ஒவ்வொரு 'டிக்'குக்கும் மூக்கு தாழ்ந்தது. வெட்கமாக இருந்தது. போன ஞாயிறு ஆறு 'டிக்'கில் ஒன்றுகூடத் தாழவில்லை. ஆறு நிஜக் குண்டுக்குக் காப்பி டப்பாவில் ஐந்து ஓட்டை!

நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆர்லோ வேலியில் சாய்ந்து நின்று, "பொம்மத் துப்பாக்கியில யாரும் சுடலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "உங்க பெருசக் குடுங்க, நான் குண்டு போட்டுத் தர்றேன்" என்றேன். திரும்பி நின்று, அவருடைய நாற்பத்து நாலு காலிபர் ரிவால்வரில் மூன்று நிஜக் குண்டும், ஏற்கெனவே சுட்ட மூன்று காலிக் கூடும் கலந்து போட்டேன். முதல் குண்டு பெரிய சத்தத்தோடு வெடித்தது. இரண்டாவது 'டிக்'. துப்பாக்கி கோழி கொத்துவது மாதிரி பொசுக்கென்று மண்ணைப் பார்த்துக் குனிந்தது. அவர் கண் இரண்டும் இறுக்க மூடியிருந்தது. மூன்று 'டிக்'குக்கும் மூன்று கொத்து.

நான் சிரிக்கவில்லை, அக்கா. சிரிக்க நினைத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. துப்பாக்கியை வேலித் தூண்மேல் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் இரண்டு மணி நேரம் குதிரையைத் தேய்த்தார். சாப்பாட்டு மேஜையில் தலை நிமிராமல் கேட்டார்.

"அவ எழுதுனாளா?"

"எவ?"

"எவளா? காலிக் கூடு கலந்து போடுற குசும்பு இந்த மாநிலத்துல ஒருத்திக்குத்தான் இருக்கும்."

பிறகு கொஞ்ச நேரம் உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டே இருந்தார். "எனக்குத் தெரியும் லொரீன். ரைபிள்ல ஒண்ணும் ஆகாது. கைத்துப்பாக்கின்னா முப்பது வருஷமா கண்ண மூடிட்டுத்தான் சுடறேன். பெருசு எனக்கே பயம். அதான் அவளுக்குச் சின்னதா வாங்குனேன். சின்னது உதைக்காதுன்னு நெனச்சேன்" என்றார்.

லொரீன்


மைல்ஸ் சிட்டி
17 மார்ச்

லொரீன்,

தபால்பெட்டியிலிருந்து வீட்டுப்படிவரைதான் வர முடிந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே பனி இருந்தது, பாவாடை நனைந்ததுகூடத் தெரியவில்லை.

இருபத்திரண்டு வருஷம் இதைச் சுமந்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் விருந்தில், மாட்டுச் சந்தையில், என் அண்ணன் சாவு வீட்டில்கூட, "வெர்னாவுக்குத் துப்பாக்கியக் காட்டாதீங்க, மயங்கி விழுந்துருவா" என்று சொல்லிச் சிரித்தான். நான் பிறவிக் கோழை என்று நானே நம்பிவிட்டேன், லொரீன். அவனை விட்டு வந்ததற்கு ஆயிரம் காரணம் சொல்வேன், நிஜக் காரணம் அந்தச் சிரிப்புதான். அவனும் கண்ணை மூடிக்கொண்டா சுட்டான்!

கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது. ஆனால் மூட்டையை இறக்கி வைத்த மாதிரியும் இருக்கிறது. இதற்குமேல் இன்று எழுத முடியாது.

அக்கா என்றே கூப்பிடு.

வெர்னா


ஜட்ஜ் கிரீக்
27 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

சிறையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. மே 12ஆம் தேதி டாரிலை விடுகிறார்கள். எங்கள் மாவட்டத்துக்குள் காலை வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. மீறினால் பாக்கி நாலு வருஷமும் உள்ளே. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆர்லோ மே 15லிருந்து 24வரை லாரியில் இருப்பார். போகவில்லை என்றுதான் சொன்னார். கன்றுகளை ஏற்றாவிட்டால் அடுத்த வருஷம் யாரும் கூப்பிட மாட்டார்கள், போங்கள் என்றேன். இப்போது அவரும் என் இருபத்திரண்டில் தினம் இருபது குண்டு சுடுகிறார். அணில் பேச்சையே காணோம். மூக்கு இன்னும் தாழ்கிறது, ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்கிறார்.

பயமாக இருக்கிறது, அக்கா. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? போன வாரம் இரண்டு ராத்திரி சேர்த்து மூன்று மணி நேரம் தூங்கியிருப்பேன்.

லொரீன்


மைல்ஸ் சிட்டி
3 மே

கண்ணு,

என் வகுப்பு 22ஆம் தேதி முடிகிறது. முடிந்ததும் அங்கே வருகிறேன், அதுவரை உன் கையை நம்பு. பயமாக இருக்கட்டும், பயப்படாதே என்று நான் சொல்லவே மாட்டேன். பயத்தோடேயே செய்யத்தான் இத்தனை நாள் பழகினோம். போன், பூட்டு, கட்டிலுக்குப் பின்னால். மனப்பாடம் சொல்லிப் பார்.

ஒவ்வொரு நாளும் நல்லபடியாக இருக்கிறேன் என்று ஒரு கார்டு போடு. இல்லையென்றால் என் பூனைக்குச் சோறு கிடைக்காது.

வெர்னா


ஜட்ஜ் கிரீக்
20 மே

என் அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிட்டேன். இனி மெதுவாகப் படியுங்கள்.

நேற்றுக் காலை பத்து மணி. முந்தின நாள் பூராவும் மழை. சமையலறை மேஜையில் குப்பி போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். நாய் குரைத்தது. ஜன்னலில் பார்த்தேன். டாரில்! பாதையில் நடந்து வந்துகொண்டிருந்தான், முழங்கால்வரை சேறு. உடம்பு தானாக ஓடியது. படுக்கையறை, தாழ்ப்பாள், போன். ஷெரீப் ஆபீஸ் பெண், "இருபது நிமிஷம்மா, லைன்லயே இருங்க" என்றாள். கட்டிலுக்குப் பின்னால் நின்று துப்பாக்கியைக் கதவுக்கு நேராக நீட்டினேன்.

அவன் முன்கதவை உதைத்தான். தாழ் பிடித்துக்கொண்டது. ஜன்னலை உடைத்து உள்ளே வந்தான். படுக்கையறைக் கதவுக்கு வெளியே வந்து நின்று, அதே பழைய குழைவான குரலில், பழைய செல்லப்பெயரைச் சொல்லி, "லோரி, கதவத் தொறடி. பேசத்தான் வந்தேன்" என்றான்.

நான் கத்தினேன். "ஷெரீப்புக்குச் சொல்லியாச்சு! கையில துப்பாக்கி இருக்கு! கதவு தொறந்தா சுடுவேன்! திரும்பிப் போ!" அது என் குரலா என்றே தெரியவில்லை. கொட்டகையில் மாடுகள் கத்தின.

அவன் சிரித்தான். "நீயா? உன் கை நடுங்குமேடி."

நான் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை, அக்கா. மூக்கு நேராகக் கதவைப் பார்த்து நின்றது. "வந்து பாரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், கத்தக்கூட இல்லை. பிறகு கண்ணாடித் துண்டுகள் மிதிபடும் சத்தம். போய்விட்டான்.

போய் எங்கே போவது? மழை விட்ட மறுநாள் எங்கள் களிமண் பாதையில் புத்தியுள்ளவன் எவனும் காரை இறக்க மாட்டான். இவன் நகரத்துக்காரன், இறக்கியிருக்கிறான். அதனால்தான் நடந்து வந்தது. அச்சுவரை புதைந்த காரில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தவனைத் துணை ஷெரீப் பெட்டர்சன் வந்து பிடித்தார். கைவிலங்கு மாட்டிய பிறகு அவர் வண்டியும் புதைந்துவிட்டது. கடைசியில் நான்தான் டிராக்டர் எடுத்துப் போய் இருவரையும் வெளியே இழுத்தேன். டாரில் பின்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். நாலு வருஷமும், அதற்குமேல் இதற்கும் சேர்த்து உள்ளேதான் என்றார் பெட்டர்சன்.

இப்போது திட்டு வாங்கப்போகிறேன். அவர்கள் போனபிறகு துப்பாக்கியைத் திறந்தேன். உள்ளே ஆறு மஞ்சள் குப்பி. குண்டுப் பெட்டியைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. போட்டதாகத்தான் சத்தியமாக நினைத்தேன். பெட்டி நிறையக் குண்டு அப்படியே கட்டில்மேல் கிடந்தது. சுவருக்குத் திருகாணி மாட்டும் சாமானை வைத்துக்கொண்டா அவனிடம் "வந்து பாரு" என்றேன்! தரையில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு எட்டு மணி நேரம் தூங்கினேன், அக்கா. ஐந்து வருஷத்தில் இப்படித் தூங்கியதில்லை.

ஆர்லோ பாதி வழியில் லாரியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருக்கிறார். இந்தச் சீட்டை உறைக்குள் வைக்கச் சொன்னார். நான் படிக்கவில்லை.

உங்கள் லொரீன்

(உள்ளே, தீவன ரசீதின் பின்பக்கம், பென்சிலில்)

வெர்னா. நடுங்குனது உன் கை இல்ல. என் கை. சிரிச்சிருக்கக் கூடாது. — ஆ.


மைல்ஸ் சிட்டி
23 மே

அடி பாவி!

அடிக்கோடிடு என்று சொன்னேனா இல்லையா? எண்ணி, டப்பாவில் போட்டு, மூடிவிட்டு எழுந்திரு என்றேனா இல்லையா? நாய் குரைத்ததாம்! குப்பியோடு போய் அவன் முன்னால் நின்றிருக்கிறாய்! அந்தக் கதவு திறந்திருந்தால் 'டிக்' என்றுதான் கேட்டிருக்கும், தெரியுமா? அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு உயிரே போய்த் திரும்பி வந்தது. இந்த வயதில் எனக்கு இது தேவையா?

கன்னத்தில் ரெண்டு வைக்கவேண்டும் உனக்கு. வைத்துவிட்டுக் கட்டிக்கொள்ளவேண்டும்.

நேற்று வகுப்பில் உன் கதையைச் சொன்னேன், பெயர் சொல்லவில்லை. பதினோரு பெண்கள். ஒருத்திகூடக் குப்பியைப் பற்றிக் கேட்கவில்லை. "கை நடுங்கவே இல்லையா?" என்று பதினோரு பேரும் கேட்டார்கள். இல்லை என்றேன். என்ன பெருமையோ எனக்கு, நானே நின்ற மாதிரி.

ஆர்லோவின் சீட்டைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். காப்பிக்குப் பால் எடுக்கும்போதெல்லாம் படிக்கிறேன். பதில் என்று எழுத ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சுடச் சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மழை பெய்தால் பெருஞ்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவேன், டிராக்டரோடு காத்திருக்காதே. சோக்செர்ரி ஜாம் இரண்டு பாட்டில் கொண்டு வருகிறேன். நீ ரொட்டி சுட்டு வை. அந்தக் காப்பி டப்பாவை மேஜைமேல் மூடி போட்டு வை, நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

உன் அக்கா
வெர்னா